பதினோராவது துளை

என் சமையலறை ஜன்னலுக்கும் பின்னால் இருக்கும் கிடங்குச் சுவருக்கும் இடையே ஒன்பது அடி. டேப் வைத்து நானே இரண்டு முறை அளந்தேன். சுவரில் இருபத்திரண்டு வரிசை சிமெண்ட் கல். அதற்கு மேல் தகரம். தகரத்துக்குக் கீழே கையகலத்தில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாகப் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கு. இதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அவை என்ன பெட்டிகள், எதற்காக மாட்டினார்கள் என்று மட்டும் விசாரிக்கவில்லை. ஒன்றை எண்ணிவிட்டால் அதைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கிற புத்தி எனக்கு. எழுபத்து மூன்று வயதில் அந்தப் புத்தியின் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எர்ணாவூருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் கடைசி வீடு. முன்பக்கம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் நிற்கிற ரோடு. பின்பக்கம் முன்பு காலி மனையாக இருந்தது, இப்போது பருப்பு மூட்டை அடுக்குகிற கிடங்கு. வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான்.

அவள்தான் முதலில் சொன்னாள், ஒரு காலையில், தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு.

"கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்குங்க. ஊசியால காதைக் குத்தற மாதிரி."

நான் போய் நின்றேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லையே" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள். "என் காதுக்கே கேட்கலைன்னா அது இல்லைன்னு அர்த்தம்" என்றேன்.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். என் வேலை தட்டிப் பார்ப்பது. வார்த்து ஆறிய இரும்பைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். நான் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவேன். மணி மாதிரி இழுத்துக்கொண்டு போனால் நல்லது. சட்டென்று செத்துப்போனால் உள்ளே விரிசல். ஒரு ஷிப்டுக்கு நானூறு உருப்படி. கண்ணுக்குத் தெரியாத விரிசலை என் காது பிடிக்கும். அதிகாரிகள்கூட என் பக்கத்தில் நின்று, "என்னய்யா சொல்லுது?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

எங்கள் மேஜைக்குப் பத்தடியில் பிசிறு தேய்க்கிற கிரைண்டர்கள் ஆறு. நாள் முழுக்க அலறும். காதில் வைத்துக்கொள்ள நிர்வாகம் ரப்பர் அடைப்பான் கொடுத்தது. பரிசோதனைப் பிரிவில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டோம். காதை அடைத்துக்கொண்டு விரிசலை எப்படிப் பிடிப்பது? புதிதாக வந்த ஒருத்தன் மாட்டிக்கொண்டபோது, "செவிட்டு இன்ஸ்பெக்டர் வராருடா" என்று அவன் கழற்றி எறிகிற வரை கேலி செய்தோம். அதிகம் கேலி செய்தது நான்தான்.

அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் என் மனைவியிடம் "இல்லை" என்று சொன்னேன்.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வயசானா சில பேருக்குக் காதுக்குள்ளேயே சத்தம் வரும்மா" என்று சொல்லி நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். மாத்திரை போட்ட நாளிலிருந்து அவள் நின்றபடியே தூங்கினாள். பால் மூன்று முறை தீய்ந்தது. ஒரு தடவை சாதம் வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். அப்போதும் நான், "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்றுதான் கேட்டேன்.

நடுவில் மூலக்கொத்தளத்தில் அவள் தம்பி வீட்டில் ஒரு விசேஷம். இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அங்கே அந்தச் சத்தம் இல்லைங்க. ரெண்டு நாளும் இல்லை. காதுக்குள்ள இருந்தா அதுவும் என்கூடப் பஸ் ஏறி வந்திருக்கணுமே?"

இதைவிடச் சுத்தமான பரிசோதனை உண்டா? இடத்தை மாற்றிப் பார்த்திருக்கிறாள், ஒன்று காதில் இருக்க வேண்டும் அல்லது வீட்டில் இருக்க வேண்டும் என்று பிரித்திருக்கிறாள், விடையையும் கண்டுபிடித்திருக்கிறாள். பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்த நான் என்ன சொன்னேன்? "விசேஷ வீட்டு இரைச்சல்ல எது கேட்டிருக்கும்?" என்றேன்.

எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா, குப்பத்திலிருந்து வருகிறவர், சமையலறைப் பக்கமாகத்தான் கூடையை இறக்குவார். அவரும் ஒரு நாள், "ஆமாக்கா, இன்னாமோ கீச்சுனு கேக்குது" என்றார். மீன் விற்க வந்தவர் வாங்குகிறவர் சொன்னதற்கு ஆமாம் போடுகிறார் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அவள் அழுத பிறகுதான் புகார் எழுதினேன். அதுவும் அவள் சொன்ன சத்தத்துக்காக மட்டும் எழுதவில்லை. டிரெய்லர், ஹாரன், கிடங்கு ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன். பதினேழு நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் கேட்கிற சத்தங்களைப் பட்டியல் போட்டேன். நாற்பத்து மூன்று வகை. எந்த மணிக்கு, எத்தனை தடவை என்று கோடு கிழித்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். நல்ல சட்டை போட்டிருந்தார். கையில் சத்தம் அளக்கிற மீட்டர். வாசல் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நின்று, கால் மணி நேரம் மீட்டரைப் பிடித்தார்.

"பின்பக்கம் சமையலறையில அளக்கணும் சார்" என்றாள் என் மனைவி.

"மொத்தச் சத்தம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதாம்மா. இங்கதான் ஜாஸ்தி. இதுவே வரம்புக்குள்ளதான் இருக்கு."

பிறகு என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். நாப்பத்து மூணு! இதுல அம்மா சொல்ற கீச்சுச் சத்தம் எத்தனாவது?"

"அது இதில் இல்லை."

"ஏன் இல்லை?"

"எனக்குக் கேட்கவில்லை."

அவர் தன் தாளில், 'தொடர்ந்த கீச்சொலி எதையும் தான் கேட்டதில்லை என வீட்டுக்காரரே தெரிவித்தார்' என்று எழுதினார். கீழே கையெழுத்துக் கேட்டார். எழுதியது உண்மைதானே என்று போட்டேன். பேனாவை மூடிவிட்டுத் திரும்பினால், சமையலறை நிலைப்படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு மூலக்கொத்தளம் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள்.

"இரும்பைத் தட்டி, அது சொன்னதை முப்பத்து நாலு வருஷம் நம்பினீங்க. நான் வாயால சொன்னேன்."

அன்றிலிருந்து நாட்களை எண்ணினேன். பத்து, இருபது, ஐம்பது. தினமும் போன் செய்வேன். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அதோடு போனை வைத்துவிடுவோம். அங்கே அவள் மாத்திரை போடுவதில்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று தம்பி சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. இடம் மாறினால் மனசு லேசாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்தெட்டாவது நாள் மீன்கார அம்மா தனியாக வரவில்லை. கூட அவர் மகள். முப்பது வயது இருக்கும். ஏதோ பொறியியல் கல்லூரியில் ஒலி பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். கையில் பெரிய கேக் பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டி.

"நைனா, அம்மா எல்லாம் சொல்லிச்சி" என்றாள். "உன் வூட்டம்மா இன்னும் வரலியாமே? இத்த உன் கிச்சன்ல வச்சிப் பாக்கட்டா?"

"என்ன அது?"

"சத்தத்தப் பிரிக்கற பொட்டி."

மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே சுற்றிலும் பஞ்சு மெத்தை. நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஏதோ ஒன்று. கறையான் தின்ற பலகை என்று சொல்லலாம், கரையொதுங்கிய பவளப்பாறை என்றும் சொல்லலாம். பெட்டியின் ஒரு பக்கம் புனல் மாதிரி வாய். எதிர்ப்பக்கம் அரைவட்டமாகத் துளைகள். எண்ணினேன், பதினாறு. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, ஸ்விட்ச் இல்லை.

"கரண்ட் இல்லாமல் எப்படி வேலை செய்யும்?"

"காசிமேட்டுல ஏலத்துக்கு மின்னாடி பாத்துகீறியா நைனா? வலையில எல்லாம் ஒண்ணாக் குமிஞ்சி வரும். எங்கம்மா உக்காந்துகினு வஞ்சிரம் தனி, காரப்பொடி தனி, நண்டு தனின்னு கூடையில போடும். காத்துல வர்ற சத்தமும் அப்டி ஒரு குமியல்தான். இந்தப் பிளாஸ்டிக் அத்தப் பிரிச்சி ஆளுக்கொரு கூடையில போடுது. தடிச்ச சத்தம் இந்த ஓட்டை, சன்ன சத்தம் அந்த ஓட்டை."

"என்ன பிளாஸ்டிக் இது?"

"சாதா பிளாஸ்டிக்தான். சாமான்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் வடிவத்துலதான் கீது. எங்க பள்ளம், எங்க மேடு, எங்க சந்துன்னு கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்குல மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு சத்தமும் மோதித் திரும்பித் தன் வழியைத் தானே கண்டுபுடிச்சிப் போற மாதிரி ஒரு வடிவம் வந்துச்சி. அச்சடிச்சிட்டேன். இந்த மாதிரி வடிவத்தால வேல செய்யற சாமானுக்குன்னு தனிப் படிப்பே கீது."

அவள் அம்மா கூடையை இறக்கியபடியே, "மூணு வருசமா இத்தக் கட்டிக்கினு அழுவுது. கல்யாணம் பண்ணிக்கினு அழுவுன்னா கேக்க மாட்டேங்குது" என்றார்.

"நீ சும்மா இரும்மா."

லாரி உறுமுகிற மாதிரித் தாழ்ந்த சத்தத்தை இந்தப் பெட்டி பிரிக்காது என்றும் சொன்னாள். அந்த அலை ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம், அதற்குப் பெட்டி ஒரு வீட்டளவு வேண்டும். சன்னமான சத்தத்தின் அலை நாலு விரல் அகலம்தான், அதற்கு இது போதும். இதுவரை ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்பீக்கர் வைத்துத்தான் பார்த்திருக்கிறாளாம். வெளியே கேட்கிற சத்தத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்க அவளுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. அதை ஒளிக்காமல் சொன்னாள். அது எனக்குப் பிடித்தது.

ஜன்னல் திட்டில் வைத்து வாயைக் கிடங்குப் பக்கம் திருப்பினாள். ஒரு ஸ்டெதாஸ்கோப்பின் குழாயைத் துளைக்குள் செருகிக் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். முதலில் நான்தான் கேட்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். துளைகளுக்குப் பென்சிலால் எண் போட்டேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஒன்று: யாரோ மூட்டை தூக்குகிறவர்கள் பேசுகிறார்கள், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. மூன்று: ஹாரன். ஐந்தில் அதே ஹாரன் இல்லை. ஆறு: காக்கை. காக்கை மட்டும்தான், வேறு ஒன்றுமே இல்லை. எழுபத்து மூன்று வயதில் நான் காக்கையைத் தனியாகக் கேட்டதில்லை. எட்டு: பிரேக் பிடிக்கிற கிறீச்சின் ஒரு பகுதி. ஒன்பது: மெல்லிதாக ஏதோ உரசல். பத்து: உரசலின் மிச்சம்.

பதினொன்று: ஒன்றுமில்லை.

பன்னிரண்டில் லேசாக ஏதோ சீற்றம். மறுபடி பதினொன்றுக்கு வந்தேன். ஒன்றுமில்லை.

"உன் பெட்டி பழுதும்மா" என்றேன். "பதினோராவது துளை அடைத்திருக்கிறது."

"அடைக்கலியே."

"நான் சொல்கிறேனே! முப்பத்து நான்கு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன்." துணி மாட்டுகிற கம்பி ஒன்றை எடுத்துவந்து துளைக்குள் விட்டுக் குடைந்தேன்.

"நைனா! நைனா! வுடு, உடைச்சிடாத!" என்று என் கையைப் பிடித்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு பதினொன்றில் வைத்தாள். வைத்த வேகத்தில் பிடுங்கினாள். அம்மாவிடம் கொடுத்தாள்.

"அய்யய்யே!" என்று அந்த அம்மா காதைப் பொத்தினார். "இதான்! இத்தத்தான் அக்கா சொல்லிச்சி! சனியன், இன்னா குத்து குத்துது!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவும் மகளும் ஒரு கட்சி. எதிர்வீட்டு பாயைக் கூப்பிட்டேன். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர், என் வயதுக்காரர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். என்ன விஷயம் என்று சொல்லாமல், "பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இந்த மூன்று துளையிலும் கேளுங்கள் பாய்" என்றேன். கேட்டார்.

"பதினொண்ணுல யாரு சார் விசில் ஊதறது? நிறுத்தவே மாட்டேங்கறான்?"

மூன்று பேர். மூன்று பேருக்கும் பதினொன்றில். நான் நாலாவதாக மறுபடி மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். சங்கிலியில் தொங்குகிற இரும்பைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேனே, அந்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். துளைக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாத வீடு மாதிரி இருந்தது.

பாய் என் தோளைத் தொட்டார். "சார், பெட்டி நல்லாத்தான் இருக்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்தான் பேசினாள்.

"கிரைண்டர் பக்கத்துல வேல செஞ்சவங்களுக்கு மொதல்ல போறது இந்த இடம்தான் நைனா. பேச்சு கேக்கும், ஹாரன் கேக்கும், பாட்டு கேக்கும். அதனால போனதே தெரியாது."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்தது அவள்தான். "இதைப் போனிலேயே பார்க்கலாமே? இதற்கு எதற்கு இந்தக் கறையான் பலகை?" என்று கத்தினேன்.

"பாக்கலாம். போன்ல கோடு காட்டும். கோட்டக் காட்டினா நீ நம்பியிருப்பியா? போன் பழுதுன்னு சொல்லியிருப்ப. பொட்டிக்கே கம்பி வுட்டவன் ஆச்சே." அவள் அம்மா சிரிப்பை அடக்கினார். "போன வுடு. அந்த ஆபீசர் வச்சிருந்த மீட்டர் இன்னா மாதிரி? முகத்துல நாலு பட்டன் கீதா?"

இருந்தது. நான்கு. எண்ணியிருந்தேன்.

"அதுலயே ஒரு பட்டன அமுக்கினா பிரிச்சிக் காட்டும் நைனா. அந்தாளு குமியல மொத்தமா எடை போட்டுட்டுப் போயிட்டான். உள்ள ஒரு முள்ளு மீனு கீதான்னு எடை சொல்லுமா?"

அந்தப் பட்டனை அமுக்க என்ன வேண்டும்? ஒரு விரல். ஒரு அழுத்து. சமையலறைக்குப் பன்னிரண்டு தப்படி. அந்த மனிதருக்கு அது முடியவில்லை. அதற்கு ஈடாக என் மனைவி மாத்திரை தின்றாள், காலில் கஞ்சி கொட்டிக்கொண்டாள், பைத்தியம் என்று பேர் வாங்காமல் வாங்கினாள். அந்த மனிதருக்கு முடியாமல் போனதற்குத் துணையாக நான் என் நாற்பத்து மூன்று வகை நோட்டை நீட்டினேன். கோபத்தைப் பங்கு போட்டால் எனக்கு வருவது பாதிக்கு மேல்.

மறுநாள் பெட்டியோடு கிடங்குக்குப் போனோம். மேற்பார்வையாளர் ஒரு முப்பத்தைந்து வயது ஆள். நோட்டில் பன்னிரண்டு என்று எழுதிய பக்கத்தை நீட்டி, சுவரில் இருந்த கறுப்புப் பெட்டிகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"எலி வெரட்டற மிஷின் சார். ராப்பகலா ஓடும். மனுஷனுக்குக் கேக்காது, எலிக்கு மட்டும்தான் கேக்கும்னு அட்டையில போட்டிருக்கு."

அந்தப் பெண் ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் முகம் கோணியது.

"மலிவு சாமான் அண்ணே. கேக்காத சத்தம் கூட கேக்கற சத்தமும் சேந்து வருது."

"நாங்க உள்ளதானே இருக்கோம், எங்களுக்குத் தெரியலியே?"

"உங்க உள்ள கன்வேயர் ஓடுது. வாயெல்லாம் அந்த வூட்டுப் பக்கம் திரும்பிக் கீது."

எலிக்கு வைத்தார்கள். எலி போகவில்லை, அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என் மனைவிதான் போனாள். நான் போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கூடிவிட்டார்கள். கல்லூரியிலிருந்து எழுதிப் போடுவேன் என்று அந்தப் பெண் சொன்னதற்காகவோ, என் வயதுக்காகவோ, இரண்டு நாளில் கழற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொன்னார். கழற்றினார். ஜன்னலில் நின்று பார்த்தேன். சுவரில் பன்னிரண்டு இடத்தில் ஆணித் தடம்.

போன் செய்தேன். அன்று எழுபத்திரண்டாவது நாள்.

"நிறுத்திட்டாங்க. சத்தம் நின்னுடுச்சு. நீ வந்துடு."

அவள் கேட்டாள்.

"நின்னுடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெட்டி, துளை, கம்பி, பாய், மூன்று பேர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் காது டாக்டரிடம் போய், எனக்கு எது எவ்வளவு கேட்கிறது என்று எடுத்த படத்தையும் சொன்னேன். நேராகப் போகிற கோடு, சன்னமான சத்தத்துக்கு நாலாயிரம் என்று போட்ட இடத்தில் எண்ணூர் ரோட்டுப் பள்ளம் மாதிரி விழுந்திருக்கிறது. "எனக்குத் தெரியாது. நின்னிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீ வந்து கேட்டுச் சொல்லணும்" என்றேன். அவளிடம் இப்படி ஒன்றை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வந்தாள். அதே துணிப்பை. செருப்போடு நேரே சமையலறைக்குப் போய் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாள். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தாள்.

"முக்கால்வாசி போயிடுச்சு. ஒண்ணு இருக்கு. சன்னமா. அதோ அந்த மூலையில."

"இருக்காதே, பன்னிரண்டையும்..." என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

கிடங்கில் மேற்பார்வையாளர் என்னைக் கண்டதும் கைகூப்பினார், மரியாதைக்கு இல்லை.

"சார், பன்னெண்டும் எடுத்தாச்சு. நீங்களே உங்க நோட்டுல எண்ணி வச்சிருக்கீங்க, பன்னெண்டுதான்னு. எங்கிட்ட காட்டினீங்களே!"

அலுவலகத்து மனிதரும் இப்படித்தான் என் நோட்டைப் புரட்டி அவளுக்கு எதிராகத் திருப்பினார். அதே நோட்டு, இரண்டாம் தடவை.

"என் எண்ணிக்கை தப்பு" என்றேன்.

"பெட்டி வச்சிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"பின்ன, நீங்க கேட்டீங்களா?"

"எனக்குக் காது கேட்காது. என் மனைவிக்குக் கேட்குது. வடக்கு மூலை."

"சார், வீட்டம்மா சொல்றதுக்கெல்லாம் நான் மூட்டையை எறக்கிக்கினு இருந்தா..."

பக்கத்தில் ஒரு பருப்பு மூட்டை. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். "யாராவது மேலே ஏறுகிற வரை எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். அரை மணி நேரம் போனது. லாரி வந்து நின்றது. நான் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தாண்டித்தான் ஏற்ற வேண்டும். மூட்டை தூக்குகிற ஒருவர் அலுத்துப்போய், "இன்னா பேஜாரு சார் இது, நான் பாக்கறேன் இரு" என்று அடுக்கின் மேல் கால் வைத்தார். பதினான்கு மூட்டை உயரம். மேலே காற்றுப்போக்கிக்குப் பின்னால் கையை விட்டார்.

"ஒண்ணு கீது சார்! உள்பக்கமாத் திருப்பி மாட்டிக்கீறானுங்க!"

பதின்மூன்று. வெளியிலிருந்து யார் எண்ணினாலும் தெரியாத ஒன்று. அவர் ஒயரைப் பிடுங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"பதினொண்ணு இருபதுக்கு நின்னுச்சு."

என் கடிகாரத்திலும் பதினொன்று இருபதுதான். நோட்டை எடுத்தேன். "எழுதிக்கவா?" என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும். அந்த ஆபீசு தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. அப்படி ஒரு சத்தம் கிடையாதுன்னு. அதை மொதல்ல மாத்திட்டு வாங்க. அப்புறம் பையைப் பிரிக்கறேன்."

பை இன்னும் நாற்காலியிலேயே இருக்கிறது. தேவைப்படும் புடவையை மட்டும் உருவிக்கொள்கிறாள், மறுபடி மடித்து அதிலேயே வைக்கிறாள். அலுவலகத்துக்கு மூன்று முறை போய்விட்டேன். முடிந்துபோன புகாரைத் திறக்க வழியில்லை என்கிறார்கள். புகார் கொடுத்தவரே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று என் கையெழுத்தை எனக்கே காட்டுகிறார்கள். மூன்று முறையும் நான் கத்தினேன். மூன்று முறையும் அந்த மீட்டர் அன்று அளக்க வந்தவருடைய மேஜை மேல்தான் இருந்தது, நான்கு பட்டனோடு.

நாளை நாலாவது முறை. இந்தத் தடவை அவளும் வருகிறாள். மீன்கார அம்மாவின் மகளிடம் போனில் விசாரித்துவிட்டாள். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று அவளே அவருக்குக் காட்டுவாளாம்.